நேர்த்திக் காப்பு என்று நம்பினேன், மச்சான்

என் உயிரான மச்சான் அழகையாவுக்கு,

சாமித்தம்பி எழுதுகிறேன். ஓம், நானேதான். ஆரையும் பிடித்து எழுதுவிக்கவில்லை. பேனாவும் என்னுடையது, கையும் என்னுடையது. எழுபது வயது தாண்டி நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது போகிறது. 'ழ' வரும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்து, விரலை உதறிவிட்டுத்தான் திரும்பத் தொடங்குகிறேன். உன் பெயரிலேயே அந்த எழுத்துக் கிடக்கிறது. உனக்கு இப்படி ஒரு பெயர் வைத்த உன் அப்பாவையும் நேற்று ஏசினேன்.

எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? எழுதியதைத் திரும்ப வாசித்தால் நான் நினைத்தது அப்படியே வருகிறது. இன்றைக்கு எழுதியது நாளைக்கும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவு பெரிய அதிசயத்தை நீங்களெல்லாம் வாழ்நாள் முழுக்க எனக்கு மறைத்து வைத்திருந்தீர்களே.

சந்தோஷம் அவ்வளவுதான். இனி வருவதெல்லாம் கோபம்.

நீ செத்து ஒரு வருசம் நிறையும் ஆட்டைத் திவசத்துக்கு உன் மகன் சுதன் நினைவு மலர் அடிக்கிறான். எல்லாரிடமும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டிருக்கிறான். மற்ற ஆட்கள் உன்னைப் புகழ்ந்து எழுதுவார்கள். நான் ஏசப்போகிறேன். ஊர் வாசிக்கட்டும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. உன் பெண்சாதி, என் தங்கச்சி பூமணி, என்னைத் திரும்ப அமெரிக்காவுக்கு வரச்சொல்லுகிறாள். நீ பாதியில் விட்டுப்போன பேஸ்போல் மைதானங்களை உன் வாகனத்திலேயே போய்ப் பார்க்க வேண்டுமாம். என் விசா இன்னும் முடியவில்லை. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன்னை ஏசாமல் எனக்கு ஒரு பதிலும் வாயில் வராது.

தொடக்கத்தில் இருந்தே வாறேன்.

கடைசியாக நீ அமெரிக்காவில் இருந்து பெரியகல்லாற்றுக்கு வந்தது வருசச் சடங்குக்கு அம்மன் கோயில் கதவு திறந்த நேரம். கடைசிச் சடங்கான குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் வாவிக்கரை வெளியில் இருவரும் இருந்தோம். இளந்தாரிகளாக நாம் எல்லே பந்து அடித்த வெளி அது. நீ மூங்கில் தடியால் அடிக்கும் பந்து நேரே வாவிக்குள் போய் விழும். தோணியில் போய் எடுத்துவருவது நான். "எல்லேதான் அமெரிக்காவுக்குப் போய்க் காற்சட்டை போட்டிருக்கு மச்சான், அதுக்குப் பேர்தான் பேஸ்போல்" என்று நீ சொன்னாய். அந்த நாட்டில் பெரிய ஆட்டம் நடக்கும் மைதானங்கள் முப்பது இருப்பதாகவும், முப்பதையும் கண்ணால் காணாமல் சாகமாட்டேன் என்றும் சொன்னாய். அதை நான் ஆசை என்று நினைத்தேன்.

வருசக்கணக்காக லொறி ஓட்டியவன் நீ. ஓய்வெடுத்ததும் பழைய மோட்டர்ஹோம் ஒன்று வாங்கியிருந்தாய். அடுப்பு, கட்டில், கக்கூசு எல்லாம் உள்ளே உள்ள பஸ். நான் அதை வீட்டு பஸ் என்றேன். அதில் தன்னையும் கூட்டிப்போகச் சொல்லி சுதன் லீவு எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நீ இடமில்லை என்றாய். பூமணி கேட்டாள். அவளுக்கு முழங்கால் நோ, படி ஏறமாட்டாள் என்றாய். பெற்ற பிள்ளையையும் கட்டினவளையும் விட்டுவிட்டு, கடல் கடந்து இருந்த என்னை விசா எடுத்துக் கூப்பிட்டாய்.

நான் எவ்வளவு பெருமை பேசித் திரிந்தேன் தெரியுமா? மீன் சந்தையில் ஒருவர் பாக்கியில்லாமல் சொன்னேன், என் மச்சானுக்கு என்னில்தான் பட்சம் என்று. ஒரு கிழவி கூடக் கேட்டாள், "உன்ன ஏன் தம்பி கூட்டிப் போறான், நீ என்னத்தக் கண்டாய்?" என்று. அவளை நான் முறைத்துப் பார்த்தேன். இப்போது போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். சரியான கேள்வியைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

நான் அங்கே வந்து சேர்ந்து பயணம் தொடங்கிய அன்று, உன் வீட்டு ஒழுங்கையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியதும் பஸ்ஸை ஓரம் கட்டினாய். பக்கத்து லாச்சியை இழுத்துத் திறந்து, வெள்ளி நிறத்தில் ஒரு காப்பை எடுத்து இடது கையில் போட்டாய். அதில் சிவப்பாக ஒரு அடையாளமும் வெட்டின எழுத்தும் இருந்தன. உன் முகம் ஒரு மாதிரி இருந்தது, கோயில் வாசலில் நிற்பவன் முகம் மாதிரி.

"அம்மனுக்கு நேர்த்தியா மச்சான்?" என்று கேட்டேன்.

நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டு, "அப்பிடித்தான் வையன்" என்றாய்.

நேர்த்திக்குக் காப்புப் போட்டவனிடம் என்ன நேர்த்தி, எதற்கு நேர்ந்தாய் என்று நம் ஊரில் தோண்டிக் கேட்பதில்லை. அது உனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அந்தப் பதிலைச் சொன்னாய். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கமாட்டேன் என்று உனக்கு நிச்சயம்.

காப்புப் போட்டவன் மீன், இறைச்சி தின்னக்கூடாதே. அதனால் அந்தப் பயணம் முழுக்க நான் மரக்கறிதான் சமைத்தேன். மீனில் பிறந்து மீனில் வளர்ந்த நான், உனக்காக மீனை மறந்து பருப்பும் பூசணிக்காயும் தின்றேன். நீ மைதானத்துக்குள் கக்கூசுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு இறைச்சி பணிஸ் தின்று வாயைத் துடைத்துக்கொண்டு வந்ததை நான் காணவில்லை என்றா நினைத்தாய்? கண்டும் காணாத மாதிரி இருந்தேன். அம்மனிடம் உனக்காக மன்னிப்பும் கேட்டேன். இன்றைக்கு நினைத்தால் அம்மனுக்கு முன் நானும் புத்தி கெட்ட ஒரு விசரன்.

அது மட்டுமா? ஒவ்வொரு மைதானத்து வாசலிலும் உன் நேர்த்திக்காக நான் தேங்காய் உடைத்தேன். முதல் இடத்திலேயே இரண்டு காவல்காரர் ஓடிவந்தார்கள். நீ அவர்களிடம் இங்கிலீசில் ஏதோ சொன்னாய். அவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "இந்தக் கிழவன்ட அணி ஒரு நாளும் வெல்லுறதில்ல, அதுதான் மண்டையில அடிக்காமத் தேங்காயில அடிக்கிறான் எண்டு சொன்னன்" என்றாய். நானும் சிரித்தேன். நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். சிரிப்புக்குத்தான் பிடிக்கிறாய் என்று நினைத்தேன்.

நல்ல நாட்களும் இருந்தன. அதை மறைக்கமாட்டேன், நான் உன்னைப் போல ஆள் இல்லை. அந்த அணிகளின் பெயர் என் வாயில் நுழையவில்லை. நம் அம்மன் கோயிலில் இரண்டு கொம்பைக் கோத்து இழுத்துக் கொம்பு முறிக்கும்போது ஊர் இரண்டாகப் பிரிந்து நிற்பதில்லையா? நீ வடசேரி, நான் தென்சேரி, அது தகப்பன் வழியாக வருவது, மாற்ற ஏலாது. அந்தக் கணக்கையே அங்கும் வைத்தோம். வடக்குப் பட்டணத்து அணி உன்னுடையது, தெற்குப் பட்டணத்து அணி என்னுடையது. உன் ஆட்கள் வென்றால் நீ கதிரையில் எழும்பி நின்று என் சேரியைப் பழித்துப் பாடுவாய். என் ஆட்கள் வென்றால் நான் உன் சேரியை இழுத்துப் பாடுவேன். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரச் சனம் நாம் அவர்களின் அணிக்குத்தான் பாடுகிறோம் என்று நினைத்துக் கைதட்டியது. ஒரு நாள் நம் இருவர் முகத்தையும் அந்தப் பெரிய திரையில் போட்டார்கள். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். நீ எனக்குப் பின்னால் நின்று என் தலைக்கு மேலே இரண்டு விரலைக் கொம்பு மாதிரி வைத்தாய்.

ஆனால் அந்தப் படிகள், மச்சான்.

உயரத்தில் இருந்தால்தான் ஆட்டம் விளங்கும் என்று எப்போதும் மேல் தட்டில்தான் இடம் எடுத்தாய். ஏறும்போது இடையிடையே நிற்பாய். நின்று ஒரு கதை சொல்லுவாய். லொறி பனியில் சறுக்கிய கதை, பூமணி உன்னை வீட்டுக்கு வெளியே வைத்துப் பூட்டிய கதை. கதை முடியும்போது உன் மூச்சும் சமமாக வந்திருக்கும். எனக்குக் கதை சொல்லத்தான் நிற்கிறாய் என்று நினைத்தேன். நீ மூச்சு எடுக்க நின்றாய். எனக்குச் சொன்ன கதை ஒன்றாவது எனக்காகச் சொன்னதா?

அந்தக் கடைசிப் பின்னேரத்துக்கு வாறேன். ஏரிக்கரையில் உள்ள பட்டணம். கடல் மாதிரி ஏரி, ஆனால் உப்பு மணக்காத கடல். ஆட்டம் முடிந்து வாகனங்கள் நிறுத்தும் வெளிக்கு வந்தோம். நம் ஊர் வயல் வட்டையை விடப் பெரிய வெளி. அன்றைக்குத் தென்சேரி வென்றிருந்தது. நீ பஸ்ஸுக்கு வெளியே மடக்குக் கதிரையில் இருந்தாய். நான் உள்ளே அரிசி கழுவிக்கொண்டு யன்னலால் உன்னைப் பழித்துப் பாடினேன். வழக்கமாக நான் ஒன்று பாடினால் நீ இரண்டு பாடுவாய். சத்தமில்லை. தோற்ற கோபம் என்று நினைத்து இன்னும் உரத்துப் பாடினேன்.

வெளியே வந்து பார்த்தேன். உன் தலை சாய்ந்திருந்தது. கையைத் தொட்டேன். அதற்குமேல் அதை எழுத எனக்கு இன்னும் எழுத்துப் போதாது.

போனில் பூமணியின் படத்தை அமத்தினேன். படத்தை அமத்தித்தானே எனக்கு ஆட்களைக் கூப்பிடத் தெரியும். அவள் பதறிக்கொண்டு கேட்டாள், "அண்ணே, எங்க நிக்கிறீங்க? பக்கத்தில என்ன பேர்ப்பலகை கிடக்கு? எழுத்தச் சொல்லுங்க, ஒவ்வொண்டாச் சொல்லுங்க."

சுற்றிவரப் பார்த்தேன். தூணெல்லாம் எழுத்து. சுவரெல்லாம் எழுத்து. வானத்தில் கூட எழுத்து எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் எனக்கு வாய் திறக்கவில்லை. "சூரியன் எனக்கு இடப்பக்கம் பூமணி. ஏரிக்காத்து முகத்தில அடிக்கிது. தூரத்தில ஒரு புகைக்கூண்டு தெரியிது" என்றேன். வாவியில் இப்படிச் சொன்னால் இருட்டிலும் தோணி கொண்டுவந்து என்னைத் தொடுவார்கள். அங்கே அது குப்பை. அவள் அழத் தொடங்கினாள்.

கச்சான் கடலை விற்றுக்கொண்டு நின்ற ஒரு கறுப்பினப் பெண் ஓடிவந்தாள். என் வயது இருக்கும். உன் கையைத் திருப்பிக் காப்பைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான் பார்த்தாள். உடனே என் போனைப் பறித்துப் பூமணியோடு கத்திக் கதைத்தாள், தன் போனில் அம்புலன்சைக் கூப்பிட்டாள், உன் நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினாள். அவள் எவ்வளவோ செய்தாள். நீ திரும்பவில்லை.

சுதன் பிளேன் பிடித்து வந்து சேர்ந்தபோது, ஆஸ்பத்திரியில் அந்தக் காப்பை ஒரு பையில் போட்டு என் கையில் தந்திருந்தார்கள். நான் அவனிடம், அப்பாவின் நேர்த்தி முடியாமல் போய்விட்டதே மகன், இதை அம்மன் கோயிலில்தான் கழற்றியிருக்க வேண்டும் என்றேன். அவன் அதை வாசித்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான்.

"மாமா, இது நேர்த்தி இல்ல. அப்பாக்கு இருதயம் பழுதெண்டு இதில போட்டிருக்கு. விழுந்தா என்ன செய்யோணும் எண்டும் போட்டிருக்கு."

டொக்டர் உனக்கு எல்லாம் சொல்லியிருந்தாராம். நெடுந்தூரம் ஓட்டாதே, படி ஏறாதே, தனியாகப் போகாதே என்று. வீட்டில் ஒருவருக்கும் நீ மூச்சு விடவில்லை. காப்பைப் பஸ்ஸின் லாச்சிக்குள் ஒளித்து வைத்திருந்தாய்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுதன் வந்திருந்தால் அதை வாசித்திருப்பான். பூமணி வந்திருந்தால் முதல் சந்தியிலேயே பஸ்ஸைத் திருப்பியிருப்பாள். உனக்கு வேண்டியிருந்தது எழுத்துத் தெரியாத ஒருவன். உன் கையில் எழுதிக் கிடப்பதை மூன்று நேரமும் சோறு போடும்போது பார்த்துக்கொண்டே இருந்தும் ஒன்றும் தெரியாத ஒருவன். பட்சத்துக்காக என்னைக் கூட்டிப்போகவில்லை நீ.

இல்லை, பட்சமும் இருந்ததா? இரண்டும் ஒன்றாக இருக்க முடியுமா? கேட்டால் சொல்ல நீ இல்லை. அதுவும் எனக்குக் கோபம்.

நீ செத்ததற்கு நான் கோபப்படவில்லை. நம் வயதில் ஆர்தான் சாகவில்லை? என் பக்தியை எடுத்து உன் நெஞ்சு வருத்தத்துக்குப் போர்வையாகப் போட்டாயே, அதுதான். நான் கும்பிட்டுக்கொண்டு நிற்க, நீ அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டாயே. சொல்லியிருந்தால் நான் உன்னைப் போக விட்டிருக்கமாட்டேன். பஸ்ஸுக்கு முன்னால் படுத்திருப்பேன். அதுதானே உனக்குப் பயம்? கிழவர்கள் இருவரும் கீழ்த் தட்டில் இருந்து பார்த்திருக்கக் கூடாதா? ஒரு வருசத்தில் இரண்டே இரண்டு மைதானம் பார்த்திருந்தால் என்ன குறைந்திருக்கும்?

ஊருக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் நான் ஒருவரோடும் கதைக்கவில்லை. பிறகு ஒரு நாள் எழும்பிப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பின்னேரங்களில் பெரிய ஆட்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார்கள். ரீச்சர் சின்னப் பிள்ளைதான், ஆனால் பொல்லாதவள். வட்டத்தை ஒழுங்காகச் சுழிக்காவிட்டால் திரும்பத் திரும்ப எழுதவைப்பாள். தமிழ் முடிய இங்கிலீசின் பெரிய எழுத்தையும் கேட்டுப் படித்தேன். எதற்கு என்று கேட்டாள். ஒரு ஆளுக்கு வஞ்சம் தீர்க்க என்றேன்.

இப்போது நான் கண்டதையெல்லாம் வாசிக்கிறேன். முன்பு பஸ்ஸை நிறத்தைப் பார்த்து ஏறுவேன், இப்போது பெயரைப் பார்த்து ஏறுகிறேன். போன கிழமை காத்தான்குடியில் ஒரு தெருக் கடைகளின் பெயரையெல்லாம் உரத்து வாசித்துக்கொண்டு நடந்தேன். ஒரு புடவைக் கடைக்காரர் வெளியே வந்து, "எங்கட பேர்ப்பலகைய வாசிச்சது போதும், உள்ள வந்து ஒரு சாரனாவது எடுங்களன்" என்றார். எடுத்தேன். அதன் ஒட்டுத்தாளையும் அங்கேயே வாசித்தேன். இந்த வருசம் மழை கூடி, வாவி வெள்ளம் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். இறால் பரவாயில்லை. நாம் எல்லே அடித்த வெளியில் பெடியன்கள் கிரிக்கெட் அடிக்கிறார்கள், பந்து இப்போதும் வாவிக்குள்தான் விழுகிறது.

முந்தநாள் பூமணி திரும்பக் கூப்பிட்டாள். என்ன முடிவு என்று கேட்டாள். நான் வெடித்துவிட்டேன். "அது நேர்த்தியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவன் நம்ம எல்லாரையும் ஏமாத்தினான். அவன்ட பயணத்த முடிச்சு வைக்க நான் ஏன் வரோணும்?" என்று கேட்டேன்.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"நான் அவருக்காகக் கேக்கல்ல அண்ணே. இஞ்ச வாற ஆக்களெல்லாம் அவரப் புகழுறாங்க. நல்ல மனிசனாம், சிரிச்ச முகமாம், ஆசைப்பட்டதச் செய்துபோட்டுப் போயிட்டாராம். நானும் தேத்தண்ணிய ஊத்திக் குடுத்துப்போட்டுத் தலைய ஆட்டுறன். நாப்பது வருசம் ஒரு வீட்டுக்குள்ள இருந்தவளுக்கு ஒரு சொல்லுச் சொல்லாமப் போன மனிசன் அது. எனக்கு ஏசோணும் அண்ணே. சேந்து ஏச இஞ்ச ஒரு ஆளில்ல."

மச்சான், உன் சாவீட்டில் கூட நான் அப்படி அழவில்லை.

அழுது முடித்து, பஸ்ஸை ஆர் ஓட்டுவது என்று கேட்டேன். "நான்தான்" என்றாள். சைக்கிளில் ஏறப் பயந்து கல்முனைச் சந்தைக்கு நடந்து போன பூமணி, உன் வீட்டு பஸ்ஸைக் கடைத்தெரு வெளியில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகியிருக்கிறாள். ரிவேர்ஸ்தான் இன்னும் சரிவரவில்லையாம். "ரிவேர்ஸ் நமக்கு என்னத்துக்கு?" என்றேன். உன் சாவுக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஆகையால் என் பதிலை உனக்கும் சொல்லிவிடுகிறேன். நான் போகிறேன். உன் முப்பதை முடித்து வைக்க என்று கனவிலும் நினையாதே. என் தங்கச்சிக்காகப் போகிறேன். நீ விழுந்த இடத்தை அவளுக்குக் காட்டுவேன், அதை அவள் பார்க்க வேண்டும். அங்கிருந்து மிச்ச மைதானங்களுக்குப் போவோம். கீழ்த் தட்டில்தான் இடம் எடுப்போம். மீன் பொரித்துத்தான் தின்போம்.

ஒன்று மட்டும் சத்தியம் பண்ணித் தருகிறேன். ஒவ்வொரு மைதானத்திலும் மூன்று டிக்கெற் எடுப்போம். நடுக் கதிரை உனக்கு. ஒரு பக்கம் பூமணி, மற்றப் பக்கம் நான். முதல் பந்தில் தொடங்கி ஆட்டம் முடியுமட்டும் அந்தக் கதிரையைப் பார்த்து இருவரும் ஏசுவோம். சனம் பார்த்தால் பார்க்கட்டும், திரையில் போட்டால் போடட்டும். இந்தமுறை எல்லாவற்றையும் கேட்டு முடிக்காமல் நீ எழும்பிப் போக நாங்கள் விடமாட்டோம்.

கோபம் ஆறாத,
பூமணியின் அண்ணன், சுதனின் மாமன், உன் ஒரே மச்சான்
சாமித்தம்பி
பெரியகல்லாறு